மூன்றாவது நாடா: ஐயம்பேட்டைத் தறிகளும் எந்திரத்தின் அறமும்

தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களில் வரும் ‘பேட்டை’ என்னும் சொல், கைத்தொழிலோரும் வணிகரும் குடியேறிய இடத்தையோ அவர்கள் கூடி விற்ற சந்தையையோ பெரும்பாலும் குறிக்கும். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் சாலையில், முத்தியால்பேட்டையை அடுத்து அமைந்துள்ள ஐயம்பேட்டை அத்தகைய நெசவூராகும். தஞ்சாவூருக்கு அருகில் இதே பெயரில் உள்ள ஊரிலிருந்து இதனைப் பிரித்தறிதல் வேண்டும். காஞ்சிப் பட்டு என்று உலகம் அறிந்த துணி காஞ்சி நகரத்துத் தெருக்களில் மட்டும் நெய்யப்படுவதில்லை; நகரத்தைச் சுற்றிப் பாலாற்றங்கரை வரை பரவிக்கிடக்கும் இத்தகைய ஊர்களின் தறிகளையும் சேர்த்தே அந்தப் பெயர் நிற்கிறது.

எந்திரங்களும் எந்திர மனிதர்களும் மனித வாழ்வை எவ்வாறு மாற்றுகின்றன, அம்மாற்றத்தில் நீதி எது என்னும் கேள்விகளைப் பெருந்தொழிற்சாலைகளுக்கும் வருங்காலத்துக்கும் உரியனவாகக் கருதுவது வழக்கம். ஆயினும் கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில், ‘அரசியல்’ என்னும் தம் நூலில், தானே இயங்கும் கருவிகளைக் கற்பனை செய்தபோது தறியின் நாடாவையே சான்றாக எடுத்துக்கொண்டார். நாடா தானாக நெய்யுமானால் எசமானனுக்கு அடிமை தேவைப்படமாட்டான் என்பது அவர் கருத்து. நாடா தானாக ஓடத் தொடங்கிய பிறகு உழைப்பவர் விடுதலை பெற்றனரா, உழைப்பை இழந்தனரா என்பதைக் காட்டும் வரலாறு ஐயம்பேட்டை போன்ற ஊர்களில் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது. ஆகவே எந்திரத்தின் அறத்தை ஆராய்வோர்க்கு இவ்வூர்களின் தறி ஒரு பழைய சாட்சியாகும்.

தறியும் கணக்கும்

தறி என்பது மனிதர் அமைத்த பொறிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்ட இழைகளின் தொகுதி பாவு எனப்படும். அதன் குறுக்கே செல்லும் இழை ஊடை. பாவின் இழைகளை மேலும் கீழுமாகப் பிரித்து வழிவிடும் நூற்கண்ணிகளுக்கு விழுது என்றும், அவ்வழியே ஊடையைச் சுமந்து செல்லும் படகு வடிவக் கருவிக்கு நாடா என்றும், ஓடிய ஊடையை அடித்து நெருக்கும் சீப்பு போன்ற பகுதிக்கு அச்சு என்றும் பெயர். நெசவாளர் தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை இறக்கி, மிதிகளை மாற்றி மாற்றி மிதித்து நெய்வதால், காஞ்சிப் பகுதியின் மரபான தறி குழித்தறி எனப்பட்டது. இதில் கை, கால், கண் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. எந்த உறுப்பின் வேலையைக் கருவிக்குக் கொடுப்பது என்பதே பின்னர் வந்த எல்லா மாற்றங்களின் உட்கருத்தாகவும் இருந்தது.

இத்தொழிலோர் பழங்காலத்தில் பெற்றிருந்த மதிப்பு, பின்னர் நேர்ந்தவற்றை அளப்பதற்கு உதவும் அளவுகோலாகும். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடுகள் 10ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தவை. அவை, கச்சிப்பேடு எனப்பட்ட காஞ்சியில் ஊரகத்துத் திருமால் கோயிலுக்கு, அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலுக்கு, வரவேண்டிய வருவாயையும் செய்யவேண்டிய செலவையும் வகுத்துரைக்கின்றன. பட்டசாலிகள் எனப்பட்ட நெசவாளர் வாழ்ந்த நான்கு குடியிருப்புகளின் மக்களிடம் கோயிலின் கணக்கைக் கண்காணிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதை அவற்றிலிருந்து அறிகிறோம். நெய்பவர் துணியைக் கொடுத்துவிட்டு விலகி நிற்கவில்லை. பொதுச் செல்வத்தின் வரவு செலவைப் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது. தறியிறை என்னும் தறிவரி சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படுவதால் நெசவாளர் சுமையற்று வாழ்ந்தனர் என்று கொள்ள இயலாது; எனினும் வரி செலுத்தியவரே கணக்கும் கேட்டார் என்பது கருதத்தக்கது.

18ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. செங்கல்பட்டுப் பகுதி 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராக, அதாவது வருவாய் உரிமையுடைய நிலப்பரப்பாக, வந்து சேர்ந்தது. கம்பெனி ஏற்றுமதித் துணிக்காக நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, அந்த முன்பணத்தின் வழியாகவே அவரது துணியின் அளவையும் தரத்தையும் விலையையும் கட்டுப்படுத்தியது. முன்பணம் வாங்கியவர் வேறொருவருக்கு நெய்ய முடியாது என்னும் இக்கட்டு, எந்திரம் எதுவும் வருவதற்கு முன்பே நெசவாளரின் கையிலிருந்து கணக்கைப் பறித்தது. பிற்காலத்தில் எந்திரத்தின் மேல் சுமத்தப்பட்ட பழிகள் பலவற்றுக்கு வேர் இந்த உறவில் இருக்கிறது.

ஓடும் நாடா, தூக்கும் பெட்டி

இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733இல் உரிமம் பெற்ற விசைநாடா, கயிற்றை இழுத்தால் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தானே ஓடும்படி அமைந்த கருவியாகும். சென்னை மாகாணத்தில் இதனைப் பரப்ப முயன்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஆல்பிரட் சாட்டர்டன். அவருடைய முயற்சியால் 1906இல் சேலத்தில் அரசின் நெசவுச்சாலை ஒன்று நிறுவப்பட்டது. ஆனால் வீட்டையும் குடும்பத்தின் துணையையும் விட்டு, பிறர் வகுத்த நேரத்தில் ஒரு கூரையின் கீழ் வந்து நெய்வதற்கு நெசவாளர் விரும்பவில்லை. அரசே தொழில் நடத்துவதை இந்தியச் செயலாளர் மார்லி பிரபு 1910இல் ஏற்க மறுத்ததும் அம்முயற்சிக்குத் தடையாயிற்று. அடுத்து வந்த பத்தாண்டுகளில் பருத்தி நெசவாளர் பலர் அதே விசைநாடாவைத் தம் வீட்டுத் தறியிலேயே பொருத்திக்கொண்டனர். அவர்கள் மறுத்தது கருவியை என்பதைவிட, அக்கருவியோடு சேர்த்துத் திணிக்கப்பட்ட ஒழுங்கை என்பதே பொருந்தும்.

காஞ்சிப் பட்டில் விசைநாடாவால் எளிதில் நுழைய முடியவில்லை. காரணம், கோர்வை என்னும் நெசவுமுறை. சேலையின் உடலும் கரையும் வேறுவேறு நிறங்களில் இருக்க, இரண்டின் ஊடை இழைகளும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று வளைத்துப் பிணைந்துகொள்ளுமாறு நெய்வது கோர்வை. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் இதற்கு வேண்டும். உடல் பகுதியும் முந்தானையும் வேறு நிறமாயின், பாவையே மாற்றி இழைக்கு இழை இணைக்கும் பிட்னி என்னும் வேலையும் சேரும். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரே வீச்சில் ஓடும் நாடா, கரையும் உடலும் சந்திக்கும் இடத்தில் நின்று இழையைப் பிணைக்காது. ஆகவே கோர்வையே கைநெசவுக்கு அரணாக நின்றது; ஆனால் அந்த அரணுக்குக் கொடுத்த விலை என்ன என்பது பின்னரே பேசப்பட்டது.

கோலம் எழுப்பும் வேலையில் மட்டும் எந்திரம் இடம் பிடித்தது. கோபுரக் கரை, ருத்ராட்சம், மயில்கண் போன்ற உருக்களை நெய்வதற்கு, எந்த ஓட்டத்தில் எந்தப் பாவிழைகள் எழவேண்டும் என்பதை முடிச்சிட்ட நூல்களில் பதித்து வைத்திருந்த பழைய ஏற்பாட்டை இப்பகுதியினர் அடை என்றனர். அந்நூல்களை வரிசை தவறாமல் இழுத்துக் கொடுக்கத் துணையாள் ஒருவர் வேண்டியிருந்தார். பிரான்சின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மாரி ஜக்கார்டு 1804இல் நிறைவாக்கிய பொறி, இதே நினைவைத் துளையிட்ட அட்டைகளில் பதித்தது. துளை உள்ள இடத்தில் ஊசி நுழைந்து அதற்குரிய இழை எழும், இல்லாத இடத்தில் இழை அசையாது. காஞ்சித் தறிகளின் தலைக்குமேல் 20ஆம் நூற்றாண்டில் பரவிய ஜக்கார்டுப் பெட்டி இதுவே.

இப்பெட்டிக்குக் கணிப்பொறி வரலாற்றில் தனியிடம் உண்டு. சார்லஸ் பாபேஜ் 1837 அளவில் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறிக்கு ஜக்கார்டின் அட்டைகளையே முன்மாதிரியாகக் கொண்டார். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எண்ணுவதற்கு ஹெர்மன் ஹாலரித் துளையட்டைப் பொறியைப் பயன்படுத்தினார். இழை எழுமா எழாதா என்னும் இரு நிலைகளைக் கொண்டு சிக்கலான உருவத்தைக் கட்டும் முறை, ஒன்று, சுழியம் என்னும் இரு குறிகளைக் கொண்டு இயங்கும் கணினிக்கு நெருங்கிய உறவாகும். கணினியைத் தமக்குத் தொடர்பற்ற அயற்பொருளாகக் கருதிய நெசவாளரின் தலைக்குமேலேயே அதன் மூதாதை தொங்கிக்கொண்டிருந்தது.

இப்பொறி பிறந்த லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர் 1831இல் கிளர்ந்தெழுந்தபோது, அவர்கள் முதன்மையாகக் கேட்டது, வணிகர் மீறமுடியாத குறைந்தபட்ச நெசவுக்கூலியை. இங்கிலாந்தில் 1811இல் தொடங்கி எந்திரங்களை உடைத்த லுட்டைட்டுகள் என்போரும், கூலி வீழ்ச்சியையும் தரங்குறைந்த சரக்கையும் எதிர்த்தவர்களே. அந்நாட்டு நாடாளுமன்றம் 1812இல் எந்திரம் உடைத்தலுக்கு மரண தண்டனை விதித்துச் சட்டம் இயற்றியது. எந்திரத்துக்கு அளிக்கப்பட்ட காவல் கூலிக்கு அளிக்கப்படவில்லை என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளிலும் வெளிப்படும் பொது உண்மை.

மூன்றாவது நாடாவை எறிந்தவர்

கோர்வைத் தறியில் நெசவாளர் ஒருவரால் இரு பக்கமும் எட்டி நெய்ய இயலாது. அவர் உடலுக்கும் தம் பக்கத்துக் கரைக்கும் உரிய நாடாக்களைப் பார்த்துக்கொள்ள, மறுகரையின் நாடாவை எறிந்து இழையைப் பிணைக்க மற்றொருவர் பக்கத்தில் அமர்வார். பல தலைமுறைகளாக அந்த இடத்தில் பெரும்பாலும் சிறுவரே அமர்ந்தனர். வேலைக்குச் சிறு விரல்களும் கூர்மையான கண்களும் பொருந்தும் என்றும், தொழில் கற்பதற்கு அதுவே வழி என்றும் காரணம் கூறப்பட்டது. தந்தையின் தறியில் மகன் அமர்ந்த வரையில் அது குடும்பக் கல்வியாகத் தோன்றியது. ஆனால் தறிகள் பெருகி, கூலிக்கு நெய்வோரும் பெருகியபோது, ஏழைக் குடும்பங்கள் முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் பிறர் தறிகளில் அமர்த்தப்பட்டனர். கடன் தீரும் வரை பிள்ளை திரும்ப முடியாது. கூலியோ கடனைத் தீர்க்கப் போதாது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலும், குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இலும் வந்தன. பின்னதன் அட்டவணையில் நெசவும் இடம்பெற்றிருந்தது. ஆயினும் குடும்பமே நடத்தும் பட்டறைக்கு அச்சட்டம் விலக்களித்தது. வீடே பட்டறையான நெசவூர்களில் அந்த விலக்கு எவ்வளவு அகலமான வாசல் என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்தியப் பட்டுத்தொழிலில் கடனுக்குக் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக்கூடாது என்னும் நிலை 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. அதிலும் பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத்துக்கு உதவலாம் என்னும் விலக்கு எஞ்சியது. பள்ளிகளும் மதிய உணவும் தொண்டு அமைப்புகளின் பணியும் பெற்றோரின் மனமாற்றமும் சேர்ந்து பல பிள்ளைகளைத் தறிப்பக்கத்திலிருந்து எழுப்பின. துணையாளின்றி ஒருவரே கரை நெய்ய உதவும் கருவியமைப்புகளும் ஆக்கப்பட்டன.

‘ரோபோ’ என்று வழங்கும் சொல்லின் பிறப்பை இங்கே நினைவுகூர்தல் பொருத்தமாகும். செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வழியாக அச்சொல் உலகில் பரவியது. அதன் வேரான ‘ரொபோட்டா’ என்னும் செக் சொல், பண்ணையாருக்குக் குடியானவர் கட்டாயமாகச் செய்த உழைப்பைக் குறிக்கும். தமிழ்க் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ எனப்படும் கூலியில்லாக் கட்டாய வேலைக்கு அது நெருக்கமானது. மனிதரைப்போல் உழைக்கும் எந்திரத்துக்குக் கட்டாய உழைப்பாளியின் பெயர் கிடைத்ததற்கு முன்பே, மூன்றாவது நாடாவை நாள் முழுதும் எறிந்த குழந்தை எந்திரத்தைப்போல் உழைத்திருந்தது. அந்தக் குழந்தையின் இடத்தில் ஒரு கருவி வந்து அமருமானால், மரபு குன்றியது என்று வருந்துவதற்கு எவருக்கும் உரிமையில்லை. மரபின் அழகு ஒரு பிள்ளையின் கல்வியை உண்டு வளர்ந்ததாயின், அழகைக் காட்டி அந்தக் குற்றத்தைப் போக்கிவிட முடியாது.

விசைத்தறியும் வாங்குபவரின் கண்ணும்

எந்திரத்தின் மறுமுகம் விசைத்தறியில் வெளிப்பட்டது. மின்விசையால் இயங்கும் தறி குறைந்த ஆட்களைக் கொண்டு பன்மடங்கு துணியை நெய்யும். அதன் பயன் மலிவான ஆடை, அதன் இழப்பு கைத்தறியாளரின் சந்தை. இந்த இழப்பைக் கூட்டாகத் தாங்குவதற்குத் தமிழ்நாடு சில வழிகளைக் கண்டது. கோ-ஆப்டெக்ஸ் எனப்படும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1935இல் தொடங்கப்பட்டது. காஞ்சியில் காமாட்சியம்மன், முருகன், அண்ணா, திருவள்ளுவர் ஆகிய பெயர்களில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. தேங்கிய கைத்தறித் துணியால் நெசவாளர் பட்டினியில் வாடிய 1953இல், காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரையும் அவர்தம் இயக்கத்தாரும் துணிகளைச் சுமந்து தெருக்களில் விற்றனர். அதே ஆண்டில் ஆலைத்துணியின் மேல் கூடுதல் வரி விதித்து, அத்தொகையைக் கதருக்கும் கைத்தறிக்கும் அளிக்கும் சட்டம் நிறைவேறியது. எந்திரத்தால் பெற்ற ஆதாயத்தில் ஒரு பங்கு, எந்திரத்தால் இழந்தவரைச் சேரவேண்டும் என்னும் நெறியை அச்சட்டம் ஏற்றது. ரோபோக்களுக்கு வரி விதிக்கலாமா என்று இன்று உலகம் விவாதிப்பது இந்நாட்டின் சட்டநூலில் 70 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வடிவில் இடம்பெற்றுவிட்டது.

கைத்தறிக்கென்று சில துணிவகைகளை ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. முதலில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 1993இல் அச்சட்டத்தைச் செல்லுபடியாகும் எனக் கூறிய பிறகும், பட்டியல் 11 வகைகளாகச் சுருங்கியது. காஞ்சிபுரம் பட்டு 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. குறிப்பிட்ட ஊர்ப்பரப்பில், குறிப்பிட்ட முறையில் ஆக்கப்பட்ட பொருளுக்கே அப்பெயர் உரியது என்பதை உறுதி செய்யும் சட்டக்காப்பு அது. ஆயினும் காஞ்சிக் கரையை விசைத்தறியில் நகல் செய்து, பட்டுக்குப் பதில் செயற்கை இழையும் உண்மைச் சரிகைக்குப் பதில் போலிச் சரிகையும் இட்டு விற்பது நிற்கவில்லை. விசைத்தறிச் சேலை விசைத்தறிச் சேலையாகவே விற்கப்படும்போது அதில் குற்றம் இல்லை. எளிய குடும்பத்துப் பெண்ணுக்கும் கரை போட்ட சேலை கிடைப்பது நன்மையே. அது கைத்தறியின் பெயரைச் சூடும்போதுதான், வாங்குபவரும் நெய்தவரும் ஒருங்கே ஏமாற்றப்படுகின்றனர். இன்று எந்திரம் எழுதியதையும் வரைந்ததையும் மனிதர் ஆக்கியதாகக் காட்டுவது பற்றி எழும் கேள்விக்கும் இதுவே விடையாகக்கூடும்: ஆக்கியது எது என்பதை மறைப்பதில்தான் அறம் முறிகிறது.

எது கைத்தறி?

ஜக்கார்டுப் பெட்டி நினைவின் சுமையைக் குறைத்தது. காலின் சுமையைக் கூட்டியது. கனத்த பாவையும் பெட்டியின் எடையையும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் மிதித்துத் தூக்கும் நெசவாளர்க்கு முதுகும் முழங்காலும் தேய்கின்றன. அதனால் ஜக்கார்டை மோட்டாரைக் கொண்டு தூக்கும் ஏற்பாடு வந்தது. நடுவண் அரசின் தறி மேம்பாட்டு உதவிகளிலும் அது இடம்பெற்றது. துளையட்டைகளுக்குப் பதிலாகக் கணினிக் கோப்பைப் படித்து இழைகளை எழுப்பும் மின்னணு ஜக்கார்டும் வந்துள்ளது. கோட்டுத்தாளில் கட்டம் கட்டமாக நிறம் தீட்டி உரு எழுதியவர்களின் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒரு நுட்பமான கேள்வி பிறந்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் விசைத்தறி அல்லாத தறியைக் கைத்தறி என வரையறுத்தது. மோட்டார் பெட்டியைத் தூக்க, மனிதர் நாடாவை எறிந்தால், அது எவ்வகை? நெசவின் ஒரு செயலாவது மனித ஆற்றலால் நடந்தால் போதும், அதனைக் கைத்தறி எனலாம் என்று வரையறையைத் தளர்த்தும் கருத்து 2010களின் தொடக்கத்தில் முன்வைக்கப்பட்டபோது, அது விசைத்தறிக்குக் கைத்தறியின் பெயரைக் கொடுத்துவிடும் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. முழங்காலைத் தேய்ப்பது கலையின் இலக்கணமாகாது; ஆனால் ஒவ்வொரு செயலாக விட்டுக்கொடுத்து வந்தால், நெசவாளர் தறிக்குக் காவலிருப்பவராக மட்டும் எஞ்சும் நாளும் வரும். பிரித்தறிவதற்கு ஒரு நெறி உண்டு: உடலை வருத்தும் செயலைக் கருவிக்குக் கொடுக்கலாம், தேர்ந்து முடிவெடுக்கும் செயலை, அதாவது இழை பிணையும் இடத்தையும் நிறம் சேரும் விதத்தையும் கண்டு கை திருத்தும் செயலை, நெசவாளரின் இசைவின்றி எடுத்துக்கொள்ளக் கூடாது.

செயற்கை நுண்ணறிவு இக்கேள்வியை மேலும் கூர்மையாக்குகிறது. பழைய சேலைகளின் படங்களைக் கற்றுக்கொண்ட கணினி நொடிப்பொழுதில் புதிய கரைகளை வரைந்து தரும். அவ்வுருக்களை வளர்த்தவர் பலர். பெயர் எழுதிவைத்தவர் எவரும் இலர். கூட்டாக ஆக்கப்பட்ட அறிவிலிருந்து ஒருவர் மட்டும் ஆதாயம் பெறும்போது, அந்தக் கூட்டத்துக்குச் சேரவேண்டிய பங்கு என்ன என்பதற்கு நடப்புச் சட்டங்களில் தெளிவான விடை இல்லை. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. ஊரார் எண்ணி எழுப்பிய கோலத்தை அது போதிய அளவு காப்பதில்லை.

இதற்கிடையே நெசவாளரின் பிள்ளைகள் வேறு எந்திரங்களிடம் சென்றுவிட்டனர். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் ஆகிய இடங்களில் தொழிற்சாலைகள் பெருகின. நிறுவனப் பேருந்துகள் நெசவூர்களிலிருந்தும் இளைஞரை ஏற்றிச் செல்கின்றன. ரோபோக் கைகள் பற்றவைக்கும் கூடங்களில் மாதச் சம்பளமும் விடுப்பும் உண்டு. கூலி நெசவில் அவை இல்லை. ஆதலால் இளைஞரைக் குறைகூற இடமில்லை. ஆனால் எந்திரக்கூடமும் நிலையான புகலிடமன்று என்பதை 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்ட திருப்பெரும்புதூர் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை காட்டியது. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் நடத்திய நெடிய வேலைநிறுத்தம் சங்கம் அமைக்கும் உரிமையை மையமாகக் கொண்டிருந்தது. தம் வேலையைப் பற்றிய முடிவுகளில் தமக்கும் குரல் வேண்டும் என்பதே தறிக்குழியிலும் எந்திரக்கூடத்திலும் எழுந்த கோரிக்கை.

இவ்வரலாற்றை முழுமையாக நோக்கும்போது, எந்திரம் நல்லதா தீயதா என்னும் பொதுக்கேள்வி இவ்வூர்களின் அனுபவத்துக்குப் பொருந்தவில்லை என்பது விளங்கும். விசைநாடாவை வீட்டில் ஏற்றுப் பணிக்கூடத்தில் மறுத்தவர்களும், பிள்ளையின் இடத்தில் கருவியை வரவேற்றுப் போலிச் சேலையின் முன் பெயருக்காகப் போராடியவர்களும், ஒரே அளவுகோலைக் கையாண்டனர்: எவருடைய சுமை குறைகிறது, எவருடைய உரிமை குறைகிறது, மிச்சமானது எவரிடம் போகிறது. இவற்றை அளக்கும் பொறுப்பு, ஆதாயம் பெறுவோரிடம் மட்டும் இருக்கும்வரை அளவு நேர்மையாக அமையாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஞ்சியின் நெசவாளர்க்குக் கோயிலின் வரவு செலவைக் கண்காணிக்கும் உரிமையைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தனர். புதிய எந்திரங்கள் கொண்டுவரும் வரவையும் செலவையும் பார்க்கும் உரிமையை இன்றைய நெசவாளர்க்கும் தொழிலாளர்க்கும் எழுதிக் கொடுக்கும் கடமை இக்காலத்துக்கு எஞ்சியிருக்கிறது.